இல்லாத மாளிகையை அளப்பது எப்படி

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "டச்சு கவர்னர் இருந்த கோட்டை எங்கே?" என்று கேட்பார்கள். யாராவது ஒரு கருவேலங்காட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். வந்தவர்கள் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு மீன் குழம்பு சாப்பிடப் போய்விடுவார்கள். இந்தக் குறிப்பு அப்படித் திரும்பிப் போக மனமில்லாதவர்களுக்கு.

நான் சத்தியவேட்டுக்காரன். லைசென்ஸ் சர்வேயராகத் தமிழ்நாடு ஆந்திரா எல்லையின் இரண்டு பக்கமும் மனை, வயல், மாந்தோப்பு என்று அளந்து பிழைத்தவன். சரித்திரம் படித்தவன் இல்லை. ஆனால் காணாமல் போன எல்லைக்கல்லை எப்படிக் கண்டுபிடிப்போமோ அதே முறையில் காணாமல் போன கட்டடத்தையும் கண்டுபிடிக்கலாம். கடப்பாரை வேண்டாம். காகிதம், டேப், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் வருஷத்தைக் கட்டுங்கள்

படத்தையோ நிலத்தையோ தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் வருஷங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் போனால் கவர்னர் இல்லாத காலத்துப் படத்தை வைத்துக்கொண்டு கவர்னர் வீட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

1610 வாக்கில் டச்சுக்காரர்கள் இங்கே கிடங்கு போட்டார்கள். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் காலம் அது. பழவேற்காடு அவருடைய ராணியின் கையில் இருந்தது. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் கிடங்கை அழித்தார்கள். அதன் பிறகுதான், 1613இல், டச்சு அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் காலத்தில் கோட்டை எழுந்தது. அவருடைய சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு கெல்டிரியா என்று பெயர். 1616இலிருந்து சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சு கவர்னர் குடியிருந்தது இங்கேதான். சென்னையில் ஆங்கிலேயர் ஜார்ஜ் கோட்டைக்கு அடி போட்டது 1640இல் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் இந்த வீட்டின் வயது புரியும். இங்கே இருந்த கவர்னர்களில் காரெல் ரெய்னியர்ஸ், கார்னெலிஸ் ஸ்பீல்மன் இரண்டு பேரும் பிற்பாடு படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கவர்னர் ஜெனரல் ஆனார்கள்.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. கோட்டை இருந்தது, வியாபாரம் நடந்தது, கவர்னர் மட்டும் இல்லை. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1784 உடன்படிக்கையிலும் அதை அவர்கள் திருப்பித் தரவில்லை. அதனால் பழவேற்காடு மறுபடி தலைமையிடம் ஆனது. 1795இல் ஆங்கிலேயர் இதையும் பிடித்தார்கள். 1806இல் கோட்டையைத் தகர்த்தார்கள். 1818இல் டச்சுக்காரர்களிடம் ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது கோட்டை இல்லாத ஊரைத்தான் கொடுத்தார்கள். 1825இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயருக்கு வந்துவிட்டது.

ஏன் இடித்தார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதே 1806இல் கொச்சியிலும் டச்சுக் கோட்டையை அவர்கள் தகர்த்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம் நடக்கிறது. சமாதானம் வந்தால் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். கொடுப்பதாக இருந்தால் மதில் இல்லாமல் கொடுப்போம் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது ஜன்னல் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆக, உங்கள் கையில் வரும் எந்தப் படத்துக்கும் முதல் கேள்வி இதுதான்: 1616க்கும் 1690க்கும் இடையில் வரைந்ததா, நடுவில் உள்ள நாகப்பட்டினக் காலமா, 1781க்குப் பிறகா? நூறு வருஷம் இடைவெளி இருந்தால் உள்ளே இருந்த கட்டடங்கள் மாறியிருக்கும். ஒரு காலத்துப் படத்தில் இருக்கும் வீட்டை இன்னொரு காலத்துப் படத்தின் அளவோடு சேர்க்காதீர்கள்.

நம் காகிதங்கள்

வெளிநாட்டு ஆவணத்துக்குத் தாவுவதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ் காகிதத்தைப் பாருங்கள். ஆர்வலர்கள் யாரும் இதைச் செய்வதில்லை. இடிந்த கட்டடம் கண்ணுக்கு மறைந்தாலும் சர்வேயில் மறையாது. அகழியும் மேடும் உழவுக்கு உதவாது என்பதால், இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் பட்டாவாகப் பிரியாமல் புறம்போக்காகவே நின்றுவிடும். சுற்றிலும் நீள்சதுர மனைகள், நடுவில் ஒரு பெரிய சதுரம் தனி சர்வே எண்ணோடு இருந்தால், அந்தச் சதுரம் ஏதோ ஒரு பழைய சங்கதியைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பழவேற்காடு இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. 1997 வரைக்கும் செங்கல்பட்டு. ஆகவே பழைய பதிவேடு கேட்கும்போது செங்கல்பட்டு ஜில்லா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஆபீஸில் "அப்படி எதுவும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்தத் தலைவலி இன்னும் ஒரு படி அதிகம். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோது பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. ஆகவே ஏரியின் மேற்கே ஏதாவது பழைய சாவடி, பங்களா தேடுகிறவர்கள் ஆந்திரத்து ஊருக்குச் செங்கல்பட்டுப் பதிவேட்டில் தேட வேண்டியிருக்கும். பேச்சு தமிழ், பட்டா தெலுங்கு, மூலப் பதிவேடு இங்கிலீஷ். எங்களுக்கு அது பழகிவிட்டது.

மூன்று காகிதம் வேண்டும். கிராம வரைபடம், அந்தச் சர்வே எண்ணுக்கான புலப்படம் (அந்த ஒரு நிலத்தின் பக்க அளவுகளைக் காட்டும் படம்), எந்த எண் எந்த வகை நிலம் என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு உரிய பதிவு. புலப்படமும் 'அ' பதிவேடும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கும். கிராம வரைபடத்துக்குத் தாலுகா ஆபீஸ், இல்லாவிட்டால் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள சர்வே தலைமை அலுவலகம். கையில் கிடைத்ததும் 'அ' பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள்: கோட்டை, அகழி, குளம், சுடுகாடு, கல்லறை என்று எழுதியிருக்கிறதா, வெறும் "சர்க்கார் புறம்போக்கு" என்று இருக்கிறதா. பிறகு புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய புலப்படங்கள் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர். புதிய படங்கள் மீட்டரில் இருக்கும். எதில் இருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் கோட்டை ஏரிக்குள் போய் நிற்கும்.

டச்சுக்காரர் படங்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று புத்தகத்துக்காகச் செதுக்கிய காட்சிப் படம். கப்பல், கொடி, மதில், உள்ளே கூரைகள் என்று பார்க்க அழகாக இருக்கும். இந்தக் கரையில் ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் இந்த மாதிரிப் படங்கள் உண்டு. இவற்றைச் செதுக்கியவர்கள் பெரும்பாலும் இந்தியாவையே பார்க்காதவர்கள். எது எதற்குப் பக்கத்தில் என்பதற்கு மட்டும் இதை நம்பலாம், அளவுக்கு நம்பக்கூடாது. மற்றது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எஞ்சினீயர்கள் வரைந்த தரைப்படம். நமக்கு வேண்டியது இதுதான். ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கால வரைபடங்கள் உள்ளன. நிறைய ஸ்கேன் செய்து இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள். தேடும்போது பழவேற்காடு என்று தேடினால் வராது. பாலியாகட்டா, பாலியாகட், கெல்டிரியா என்று அவர்கள் எழுத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கொச்சியைப் பற்றியது என்பதால், பழவேற்காட்டுக்காக மட்டும் போகிறவர்கள் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போவது நல்லது.

தரைப்படத்தின் ஓரத்தில் எண்களும் அவற்றுக்கு விளக்கமும் இருக்கும். டச்சு தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். ஹௌஸ் என்று முடிந்தால் வீடு. பாக்ஹௌஸ் என்றால் கிடங்கு. கெர்க் தேவாலயம், போர்ட் வாசல், க்ராக்ட் அகழி. இந்த ஐந்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டச்சுக்காரர்கள் சின்னக் கோட்டைகளில் நடுவில் முற்றம் விட்டு, மதிலின் உட்புறத்தை ஒட்டியே வீடு, கிடங்கு, கணக்கர் அறை எல்லாவற்றையும் கட்டுவது வழக்கம். அதனால் கவர்னர் வீடு என்று நீங்கள் கற்பனை செய்யும் பெரிய தோட்டத்து மாளிகையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கீழே சரக்கு வாசனை அடிக்க, மேலே துரை தூங்கிய வீடு. எந்தச் சரக்கு என்பதும் தெரிந்திருக்கட்டும்: துணி, வெடியுப்பு, அதோடு படேவியாவுக்கு ஏற்றி அனுப்பிய அடிமைகள். பஞ்ச காலத்தில் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்டவர்களும் அதில் உண்டு. கவர்னர் மாளிகையின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, அளவுக்கு வருவோம். படத்தில் வடக்கு மேலே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கடல் கீழே வருகிற மாதிரி வரைவதும் உண்டு. முதலில் திசைக்குறியைத் தேடி, படத்தைத் திருப்பி வையுங்கள். பிறகு அளவுகோல். அது பெரும்பாலும் ரைன்லாந்து ரூட என்ற அளவில் இருக்கும். ஒரு ரூட என்பது 12 ரைன்லாந்து அடி, நம் கணக்கில் 3.767 மீட்டர். அந்த அடி இங்கிலீஷ் அடியைவிடக் கொஞ்சம் பெரிது, 31.4 சென்டிமீட்டர். இதை மறந்து 12 அடி என்று போட்டால், ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் தவறும். மூன்று மீட்டர் என்பது ஒரு அறை.

அடுத்து ஒரு சோதனை. கோட்டை மூலைக்கு ஒரு கொத்தளத்தோடு சதுரமாகக் கட்டியது. படத்தில் நான்கு பக்கமும் சமமாக வருகிறதா, மூலைவிட்டம் இரண்டும் ஒன்றா என்று கவராயத்தால் பாருங்கள். சமமாக இருந்தால் உள்ளே காட்டியிருக்கும் கட்டடங்களின் இடத்தையும் ஓரளவு நம்பலாம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால், ஒன்று வரைந்தவர் அசந்திருக்கிறார், இல்லை ஸ்கேன் செய்யும்போது தாள் மடங்கியிருக்கிறது. அந்தப் படத்தை வைத்து உட்புறத்தை அளக்க வேண்டாம்.

பழையதை இன்றைய தரையில் உட்கார வைப்பது

கூகுள் எர்த்தில் பழவேற்காட்டைத் திறந்து, பழைய வருஷப் படங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தி, மழை முடிந்த தை மாசி மாதப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். அகழியில் தண்ணீர் நிற்கும்போது பச்சைக்கு நடுவில் கோடு தெளிவாகத் தெரியும். கோடையில் எல்லாம் ஒரே பழுப்பு.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அகழியின் கரையை எடுத்து மதில் என்று வைத்துவிடுகிறார்கள். இருநூறு வருஷத்தில் கரை சரிந்து, குப்பை விழுந்து, ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல் என்று ஆகியிருக்கும். ஆனால் இரண்டு கரையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சரிவதால் நடுக்கோடு அதிகம் நகராது. அதனால் தண்ணீரின் நடுக்கோட்டை எடுங்கள். டச்சுப் படத்திலும் அகழியின் நடுக்கோட்டை எடுங்கள். இரண்டையும் பொருத்துங்கள். உதாரணத்துக்கு, படத்தில் அகழியின் அகலம் 5 ரூட என்று வந்தால் 18.8 மீட்டர், அதில் பாதி 9.4 மீட்டர் உள்ளே நகர்ந்தால் அகழியின் உட்கரை. படம் காட்டும் இடைவெளியை அதற்கு மேல் சேர்த்தால் மதிலின் அடி.

கணினி தெரிந்த பிள்ளைகள் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்வார்கள். நான்கு மூலையையும் புள்ளியாகக் கொடுத்து, ஐந்தாவதாக வெளியே ஒரு புள்ளி சேர்த்தால் திருகல் தெரியவரும். கணினி வேண்டாம் என்றால் டிரேஸிங் தாள் போதும். ஒரே அளவில் இரண்டையும் அச்செடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். நான் இன்னும் இப்படித்தான்.

கடைசியாகப் புலப்படத்தையும் இதன் மேல் வையுங்கள். சர்வே எல்லையும் அகழியும் ஒரு பக்கமாவது சேர்ந்து ஓடினால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

நேரில்

காலை ஏழுக்குள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயிலில் முழங்கால் உயர மேடுகூட நிழல் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் சமதளம். பூட்ஸ், முழுக்கை, ஒரு தடி. கருவேல முள் ஒரு பக்கம், பாம்பு இன்னொரு பக்கம். மழைக்காலத்தில் உள்ளே போகாதீர்கள். ட்ரோன் எண்ணமே வேண்டாம், எதிரில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது.

முப்பது மீட்டர் டேப் ஒன்று, கூட ஒரு ஆள். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே நான்கைந்து மீட்டர் தள்ளிக் காட்டும், முள்காட்டுக்குள் இன்னும் மோசம். ஆகவே ஜிபிஎஸ்ஸை ரோட்டோரத்தில் ஒரு நிலையான இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து டேப்பில் போங்கள். அகழியைச் சுற்றி நடந்து, எங்கே கரை வெளிப்பக்கம் புடைக்கிறது என்று குறியுங்கள். கொத்தளம் இருந்த மூலை புடைத்துத்தான் இருக்கும். தரையில் நீளமான மேடு இருந்தால் இடிபாடு. நீளமான பள்ளம் இருந்தால், சுவரைத் தோண்டிச் செங்கல் எடுத்துக்கொண்டு போன தடம். பள்ளமும் சுவர்தான். இதை ஞாபகம் வைத்திருக்கிறவர் குறைவு.

செங்கல் எங்கே போயிருக்கும்? வீடு கட்ட. இடிந்த கோட்டை எந்த ஊரிலும் சும்மா கிடப்பதில்லை. அகழிக்கு வெளியே பழைய மதில், கிணற்றுச் சுவர், படிக்கட்டு என்று பார்த்துக்கொண்டே நடங்கள். காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். சாந்தில் கிளிஞ்சல் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதை மட்டும் வைத்து டச்சுக் காலம் என்று முடிவு கட்டாதீர்கள், இந்த ஏரிக் கரையில் சமீப காலம் வரை எல்லாச் சுண்ணாம்பும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். கண் பழக வேண்டுமென்றால் முதலில் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினம் போய் வாருங்கள். அங்கே டச்சுக் கோட்டையின் மதிலும் கிடங்கும் இன்னும் நிற்கின்றன. அப்புறம் இங்கே வந்தால் மண்ணில் என்ன தெரிகிறது என்று கண்ணே சொல்லும்.

கல்லறைத் தோட்டத்தையும் விடாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருப்பதைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய்க் கல்வெட்டுகளில் உள்ள பதவியையும் வருஷத்தையும் எழுதுங்கள். இடித்தவர்கள் பெரிய வீட்டை இடிப்பார்கள், அதைச் சேர்ந்த மற்றவை தப்பிவிடும். சென்னையில் ஓமந்தூரார் தோட்டத்தில் கவர்னர் மாளிகை போய்விட்டது, விருந்து மண்டபமான ராஜாஜி ஹால் நிற்கிறது. இங்கே கவர்னர் வீடு போய்விட்டது, கவர்னரின் ஆட்களுடைய சமாதி நிற்கிறது.

எதையும் எடுக்காதீர்கள். நீலப்பூ பீங்கான் சில்லு, புகைக்குழாய்த் துண்டு, காசு எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அங்கேயே விட்டுவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளுக்கு 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் தோண்டவே கூடாது, அதற்கு மேல் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், இடத்தை விட்டு எடுத்த சில்லு எதையும் சொல்லாது.

ஊர்க்காரரிடம் கேட்கும் விதம்

"இங்க டச்சு கவர்னர் வீடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டால், புத்தகத்தில் படித்ததையும் டிவியில் பார்த்ததையும் உங்களுக்கே திருப்பிச் சொல்வார்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். "அண்ணே, இந்த அகழியில தண்ணி எந்த மாசம் வத்தும்?", "பாய், உங்க தாத்தா காலத்துல இதுக்குள்ள ஆடு மேய்ப்பாங்களா?", "கிணறு வெட்டும்போது கல்லு தட்டுப்பட்டுச்சா?" இதற்கெல்லாம் பதில் துல்லியமாக வரும். குறிப்பாக மீனவர்கள். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறை வைத்துப் பரம்பரையாகப் பங்கிட்டுக்கொண்டவர்கள்; கல், மரம், கோபுரம் இவற்றை நேர்கோட்டில் பிடித்து இடம் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. என் தொழிலில் இதற்கு ரேஞ்சிங் என்று பெயர். அவர்கள் சொல்லும் ஒரு கோடு, நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மூன்று ஜிபிஎஸ் புள்ளிகளுக்குச் சமம்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். சுரங்கப்பாதை கதை கட்டாயம் வரும், எந்தக் கோட்டைக்கும் அது உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் படத்தில் போடாதீர்கள்.

வரைபடம் போடுவது

ஏ3 தாளில் 1:500 அளவு போதும். கண்ணால் பார்த்து டேப்பில் அளந்தது கருப்பு மை. டச்சுப் படத்திலிருந்து இறக்கியது சிவப்பு. ஊர்க்காரர் சொன்னது பென்சில். மூன்றையும் கலக்காமல் வைத்தால் பின்னால் வருகிறவர் உங்கள் கருப்பை நம்பிச் சிவப்பைத் திருத்தலாம். கவர்னர் வீட்டைச் சிவப்பில் போடும்போது எந்த வருஷத்துப் படத்திலிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வருஷம் 1690க்கும் 1781க்கும் நடுவில் விழுந்தால் "கவர்னர் வீடு" என்று எழுதாதீர்கள். "தலைமை அதிகாரி வீடு" என்று எழுதுங்கள். அளந்த தேதி, வடக்குக் குறி, எந்த நிலையான இடத்திலிருந்து ஆரம்பித்தீர்கள் என்பது மூன்றும் கீழ் மூலையில்.

ஒரு நகலைப் பழவேற்காட்டிலேயே பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ கொடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மின்சார ரயிலில் பொன்னேரி இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். எங்கள் பக்கத்திலிருந்து என்றால் சத்தியவேடு, கவரைப்பேட்டை, பொன்னேரி வழி. மதியம் சாப்பாட்டுக்கு மேல் பஸ் குறைவு, கிளம்புவதற்கு முன்னால் திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.